படிக்கட்டு பேண்டின் இரண்டாவது சிடி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் எங்கள் தனியார் பேருந்தில் இப்போது மறுபடியும் ஆரோக்கிய ஜெகன்தான் கண்டக்டர். ஊர்ப் பெயரைக் கூவ மாட்டான். விசில் மட்டும்தான். புதிதாக ஏறுகிறவர்கள் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு அவனைத் திட்டுவார்கள். வண்டியை ஓட்டுகிற பாவத்துக்கு எனக்கும் சேர்த்து விழும். போன வாரம் ஒரு அம்மாள், "இவன் வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். ஒரு காலத்தில் இந்த வாய்க்காகவே வண்டி நிரம்பியது என்று சொல்ல வந்து, விட்டுவிட்டேன். சொன்னால் நம்பவா போகிறாள்?

2004இல் என் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் முதுநகரில் ஒண்டிக்கட்டை. அப்பா இல்லை. அம்மா, அக்கா வீட்டோடு நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். வீட்டில் பேச ஆளில்லாத குறையை எல்லாம் வண்டியில் தீர்த்துக்கொள்வான். "சிப்காட் எறங்கு, ஆலப்பாக்கம் ஏறு, புதுச்சத்திரம் பைய நகத்து, உள்ள போ உள்ள போ, உள்ள எடம் கெடக்கு" என்று மூச்சு விடாமல் தாளத்தோடு அடுக்குவான். என் கட்டைவிரல் தானாக ஹாரனுக்குப் போகும். அவனும் நானும் சேர்ந்து செய்த அந்தக் கூத்தை ரசிப்பதற்கென்றே, முன்னால் போகிற வண்டியை விட்டுவிட்டு எங்கள் வண்டிக்குக் காத்திருந்த காலேஜ் பிள்ளைகள் உண்டு.

அதில் ஒருவன் ராஜவேல். பெண்ணாடத்துப் பையன். மஞ்சக்குப்பத்தில் சித்தப்பா வீட்டில் தங்கி, சிதம்பரத்துக்கு இன்ஜினியரிங் படிக்க வந்து போனான். கையில் கிட்டார் பெட்டி வேறு. காலை நெரிசலில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெகன்தான் பெட்டியை வாங்கி என் சீட்டுக்குப் பின்னால் வைப்பான்.

ஒருநாள் ராஜவேல் அவனிடம், "மச்சான், நீ பண்றதுக்கு வெளிநாட்டுல ராப்புன்னு பேரு. பின்னாடி கிட்டாரும் டிரம்ஸும் போட்டு அடிச்சா அது ராப் ராக்கு" என்றான்.

"பேரு எதுவா இருந்தா என்ன, நீ படிய உட்டு மேல ஏறு" என்றான் ஜெகன். ஆனால் அன்று சாயங்காலமே இரண்டு பேரும் டிரம்ஸுக்கு ஆள் தேடப் போய்விட்டார்கள்.

ஆள் கிடைத்தான். பங்குக் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிற மரிய ஜோசப். டிரம்ஸ் கோயிலுடையது. தவக்காலத்தில் பூசைக்கு அதைத் தொட மாட்டார்கள், ஈஸ்டர் வரை துணி போர்த்திச் சும்மா கிடக்கும். அந்தச் சமயம் பார்த்து, கோயில் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாரைக் காக்கா பிடித்து, டிரம்ஸை ஒரு பழைய குடோனுக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். ஊரில் கறி சாப்பிடாமல், சத்தம் போடாமல் எல்லாரும் அடங்கியிருந்த நாட்களில் இந்த மூன்று பேரும் தகரக் கூரை அதிர அடித்தார்கள். ஒரே அறை, ஒரே மைக். யாராவது தப்பு செய்தால் மூவரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பேண்டுக்குப் படிக்கட்டு என்று பெயர் வைத்தார்கள். சிடிக்குப் பெயர் 'உள்ள போ'.

2006இல் அது முதலில் என் வண்டியில்தான் ஓடியது. அப்புறம் இந்த ரூட்டில் எல்லா வண்டியிலும். புதுச்சேரியிலிருந்து ஒரு சிடி கம்பெனிக்காரர் வந்து வாங்கிப் போட்ட பிறகு சக்கைப் போடு போட்டது. கல்யாண வீடு, செல்போன் ரிங்டோன், காலேஜ் விழா, எஃப்.எம். எங்கே பார்த்தாலும் 'உள்ள போ உள்ள போ'தான். ஜெகன் வேலையை விட்டான். சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் பக்கம் பயிற்சிக்கென்று ஒரு அறை எடுத்தார்கள். மூன்று பேரும் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டார்கள். அவன் வாழ்க்கையில் வீடு என்று ஒன்று இருந்ததென்றால் அந்த அறைதான்.

படிப்பு முடிந்தது. ராஜவேலுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. மரிய ஜோசப் மஸ்கட் போனான். "சனி ஞாயிறு வந்துடுறேன் மச்சான்" என்று சொல்லித்தான் ராஜவேல் கிளம்பினான். இரண்டு மாதம் வந்தான். அப்புறம் தீபாவளி, பொங்கல் என்று ஆனது. அப்புறம் அதுவும் இல்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது, பிழைப்பு அப்படி. ஆனாலும் நான் சொல்வேன்.

கம்பெனிக்காரர் அடுத்த சிடி எங்கே என்று குடைந்தார். அதே மாதிரி வேண்டுமாம். தலைப்பைக்கூட அவரே யோசித்து வைத்திருந்தார்: 'இன்னும் கொஞ்சம் உள்ள போ'. மனிதருக்கு மூளை அவ்வளவுதான். ஜெகனால் அப்படி எழுத முடியவில்லை. வண்டியில் நெரிசல் இருந்தால்தானே உள்ளே போகச் சொல்ல முடியும்? அவன் இருந்ததோ ஆளில்லாத அறையில். அதனால் அதையே எழுதினான். சிடிக்கு 'காலி வண்டி' என்று பெயர் வைத்தான்.

டிரம்ஸ் கம்ப்யூட்டரில் அடித்தது. கிட்டாரை ராஜவேல் பெங்களூரிலேயே வாசித்து மெயிலில் அனுப்பினான். அதைச் சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இறக்கிக்கொண்டு வந்து, அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அதன் மேல் இவன் பேசிப் பதிவு செய்தான். மூன்று வருஷம் இழுத்தது. நடுவில் என் வண்டியில் ஏறினால் டிக்கெட் எடுத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போய்விடுவான். யாராவது அடையாளம் கண்டு "உள்ள போ" என்று கத்தினால் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கண்ணாடியில் பார்க்க எனக்குப் பிடிக்காது.

2010இல் சிடி வந்தது. முதல் பிரதியை எனக்குக் கொண்டுவந்து, "மூணாவது பாட்டக் கேளு மாமா" என்றான்.

மூன்றாவது பாட்டில் கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. ஜெகன் குரல் மட்டும்தான். அதுவும் சத்தமாக இல்லை. "ராஜவேலு, பொட்டிய நான் புடிச்சிக்கிறேன், நீ ஏறு" என்று ஆரம்பித்து, தான் தனியாகச் சமைப்பதை, பழக்கத்தில் மூன்று தட்டு எடுத்து வைப்பதை, ஒரே ஒருநாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்று கேட்பதை, எல்லாம் பெயர் சொல்லிப் பேசியிருந்தான்.

"இத அவனாண்ட போன்லயே சொல்லக்கூடாதாடா?" என்றேன்.

"போன்ல சொன்னா கிண்டல் பண்ணுவான் மாமா. பாட்டுன்னா முழுசாக் கேப்பான். அவன் கேட்டாப் போதும், வந்துடுவான்."

வண்டியில் போட்டேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் நாலு பேர் எழுந்து வந்து, "பழசப் போடுங்க டிரைவர், இது என்ன எழவு வீடு மாதிரி" என்றார்கள். நான் மாற்றவில்லை. மற்ற வண்டிகளில் மாற்றிவிட்டார்கள். கடைகளில் சிடி கட்டோடு கிடந்தது. கம்பெனிக்காரர் போன் எடுப்பதை நிறுத்தினார். ஜெகன் எதற்கும் அசரவில்லை. "அவுங்க கேக்காட்டிப் பரவால்ல மாமா" என்பான். பெங்களூருக்குக் கூரியரில் ஒரு சிடி போயிருந்தது. அவன் அந்த ஒன்றுக்குத்தான் காத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். ராஜவேலிடமிருந்து போன். ஜெகன் முகம் மலர்ந்துவிட்டது. நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுப் போனை எங்கள் நடுவில் நீட்டிப் பிடித்தான்.

"மச்சான், சிடி வந்துச்சுடா. செமையா இருக்கு. ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன்" என்றான் ராஜவேல். பின்னால் யார் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எல்லாப் பாட்டும் கேட்டியாடா?"

"கேக்காம? திருப்பித் திருப்பி அதான் ஓடுது."

"மூணாவது பாட்டு?"

"அதான்டா டாப்பு. அதுல என் கிட்டாரு வந்துருக்கு பாரு, பிச்சி ஒதறுது."

டீ கிளாஸை நான் கீழே வைத்துவிட்டேன். போனைப் பிடுங்கி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. ஜெகன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஆமாண்டா மச்சான்" என்றான். "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. கிட்டாரு ரொம்ப நல்லா வந்துருக்குன்னு." அப்புறம், "சாப்ட்டியா?" என்று கேட்டான்.