முந்தி வந்த ஆமென்

மாலை ஏழு மணி எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்துக்குரியது. சூரியநெல்லியில் மழை கொட்டினாலும், மின்சாரம் போனாலும், அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தாலும் ஏழு மணிக்குப் பாய் விரிந்துவிடும். முதலில் ஒரு பாடல். பின்பு ஆளுக்கொரு வசனமாக வேத வாசிப்பு. முடிவில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, இவ்வரிசை பிறழ்வது பிழையான வாக்கியம் காதில் விழுவதைப் போல உறுத்தும்.

பக்கத்துத் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணை மகன் விரும்பினான். இரு வீட்டார் சம்மதத்துடன் எங்கள் புராட்டஸ்டன்ட் சபையிலேயே திருமணம் நடந்தது. மறுவாரம் மருமகள் முதன்முறையாக எங்களோடு பாயில் அமர்ந்தாள். கர்த்தருடைய ஜெபத்தின் இறுதியில் நாங்கள் சொல்லும் 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் உம்முடையவைகளே' என்ற துதிவரியை அவர்கள் வீட்டு ஜெபத்தில் சொல்வதில்லை. அதற்கு முன்பே ஆமென் சொல்லி முடித்துவிடுவார்கள். அவளும் அப்படியே முடித்தாள். நானும் மனைவியும் மகனும் அந்த வரியைத் தொடர்ந்தபோது, அவளுடைய ஆமென் மட்டும் முந்திச் சென்று தனித்து நின்றது. மகன் சிரித்தான்.

"மறுபடியும் முதலிலிருந்து சொல்லுவோம்" என்றேன்.

பழக்கம் அவளை அதே இடத்தில் மீண்டும் நிறுத்தியது. மூன்றாம் முறை பிழையின்றிச் சொன்னாள். குரல் மட்டும் நடுங்கியது.

அன்று சமையலறையில் என் மனைவி தட்டைக் கழுவியபடியே, முகம் திருப்பாமல் சொன்னாள்: "வந்த பிள்ளைய வகுப்புல நிறுத்துன மாதிரி நிறுத்திட்டியளே. ஆண்டவருக்கே வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கியளோ?"

ஒழுங்கில்லாத வீடு கரையில்லாத ஓடை என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அதன்பின் ஜெபத்தில் மருமகளின் உதடுகள் அசைந்தனவேயன்றிக் குரல் வரவில்லை. சில மாதங்களில் மகனுக்குப் பெருமாட்டிப் பக்கம் வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததால் போகிறோம் என்றார்கள். நானும் அதையே ஊராரிடம் சொன்னேன்.

மனைவி இருந்தவரை அவள் வழியாகச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. அவள் மறைந்தபின் ஞாயிறுதோறும் மகன் தொலைபேசியில் பேசுவான். மழை, மருந்து, சாப்பாடு என மூன்று கேள்விகள், மூன்று விடைகள். அதுவும் ஓர் ஒழுங்குதான். ஏழு மணிக்குப் பாயை விரித்து எல்லாருடைய வசனங்களையும் நானே வாசிப்பேன். ஒரே குரல் வட்டமாகச் சுற்றி வருவதில்லை என்பதை அந்நாட்களில் அறிந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்காவது கேள்வி ஒன்று வந்தது. "பாப்பா புதுநன்மை வாங்குறா. வருவியளாப்பா?" பேத்தி முதன்முதலாக நற்கருணை பெறும் கத்தோலிக்கச் சடங்கு அது; அவளைத் தாயின் சபையில் வளர்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இதற்கும் போகாவிட்டால் இனி அழைக்கமாட்டார்கள் என்பதும் தெரிந்தது. வருகிறேன் என்றேன்.

மருமகளிடம் சொல்ல வேண்டிய மன்னிப்பை மறையூர் இறக்கத்திலேயே அமைக்கத் தொடங்கிவிட்டேன். உடுமலையில் ஒரு சொல்லை மாற்றினேன். பொள்ளாச்சியில் வேறு பேருந்து ஏறியபின் இன்னொன்றை நீக்கினேன். கோபாலபுரம் சோதனைச்சாவடியைக் கடந்தபோது வாக்கியம் குறையற்றிருந்தது. மருமகள் வாசலுக்கு வந்து, "வாங்க மாமா, பஸ்ஸுல இடம் கெடச்சதா?" என்று பையை வாங்கிக்கொண்டாள். வாக்கியம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

மாலை ஏழு மணிக்கு அவ்வீட்டில் பாய் விரிந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. பாடல், ஆளுக்கொரு வசனம், என் முறைக்கு இடம் விட்டு அமர்ந்த பேத்தி என எல்லாம் என் மனைவி விரித்து வைத்ததுபோலவே இருந்தன. ஜெபத்தின் சொற்கள் மட்டும் அவர்கள் சபையுடையவை. நான் என் சொற்களைத் தாழ்ந்த குரலில் சொல்லிச் சென்றேன். அவர்கள் ஆமென் என்றார்கள். என் குரல் தனித்து நிற்கக்கூடாதென்று நானும் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

யாரும் எழவில்லை. கண் திறந்து பார்த்தேன். மூவரும் கண் மூடியபடியே இருந்தார்கள்.

"மாமா, மிச்சத்தச் சொல்லுங்க" என்றாள் மருமகள். "தினமும் இவுக சொல்லுவாக, நாங்க காத்திருப்போம். இன்னைக்கு நீங்க."

துதிவரியை நான் மட்டும் சொன்னேன். தொடக்கத்தில் குரல் எழவில்லை. எவரும் என்னை முதலிலிருந்து சொல்லச் சொல்லவில்லை. முடித்ததும் பேத்தி இரண்டாவது ஆமெனை உரக்கச் சொன்னாள்.

புதுநன்மை முடிந்த மறுநாள், இன்னும் நான்கு நாள் இருக்கச் சொன்னார்கள். வீட்டைப் பூட்டிவந்ததைக் காரணம் காட்டித் திரும்பிவிட்டேன். அந்த மன்னிப்பு வாக்கியம் இன்னும் என்னிடமே இருக்கிறது.

இங்கே ஏழு மணிக்குப் பாய் விரிக்கிறேன். துதிவரிக்கு முன் இப்போது ஒரு மூச்சு நேரம் நிறுத்துகிறேன். மருமகளின் ஆமெனுக்குரிய இடம் அது. ஓட்டின்மேல் மழை மட்டும் கேட்கிறது. பிறகு மிச்சத்தைச் சொல்கிறேன்.