உள்ளே விட்ட துணி

எங்கள் ஏற்காட்டில் ஒரு நாகரிகம் உண்டு. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சர்ச் கூடத்தில் பழந்துணி விற்பார்கள். விடுதிப் பள்ளிப் பிள்ளைகள் விட்டுப்போன ஸ்வெட்டர், எஸ்டேட் பங்களாவில் கழித்துப்போட்ட கம்பளிச் சால்வை, யாரோ கட்டிச் சலித்த புடவை எல்லாம் பெஞ்சுகளின் மேல் அந்துருண்டை வாசத்தோடு குவிந்து கிடக்கும். கொடுக்கிறவர்களும் உள்ளூர், வாங்குகிறவர்களும் உள்ளூர். ஆனால் எது யாருடைய துணி என்று தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. டாக்டரம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு டாக்டரம்மாவுக்கு எதிரிலேயே நின்று காய்கறி வாங்கலாம். அவர் குளிரைப் பற்றிப் பேசுவாரே தவிர, சால்வை பக்கம் கண்ணைத் திருப்பமாட்டார். ஊரே சேர்ந்து இவ்வளவு அழகாக நடிப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தக் குவியலுக்கு வருஷம் தவறாமல் போகிறவள் நான். பகலில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் உட்காருவேன். வீட்டுக்கு வந்தால் தையல் மெஷின். புதுத்துணி வெட்டுவதில் எனக்கு ருசி கிடையாது. அது விறைப்பாக நிற்கும், சொன்ன பேச்சைக் கேட்காது. ஏற்கெனவே ஓர் உடம்புக்குப் பழகிய துணிதான் கைக்கு இணங்கும். ஆண்களின் சட்டையில் கழுத்து நைந்திருக்கும், முதுகு புதிதாகவே இருக்கும். அந்த முதுகில் ஒரு குர்த்தியின் முன்பக்கம் எடுத்துவிடலாம். வெந்நீரில் அலசிக் காயவைத்து, பிளேடால் தையலைப் பிரிக்கும்போது எனக்கு ஒரு அமைதி வரும். என்னைக் கோபக்காரி என்று சொல்கிறவர்கள் அப்போது வந்து பார்க்க வேண்டும்.

எனக்கு ஒரே மகள். போன வருஷம் சேலத்தில் ஒரு பள்ளியில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. மலையிலிருந்து கீழே போன பிள்ளைகள் திரும்பி வரும்போது விருந்தாளிகளாகத்தான் வருகிறார்கள். இவளும் என்னை மறந்துவிடுவாளோ என்று பயந்தேன். பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லாமல், ஒரு கோட்டு தைத்தேன்.

குவியலில் கிடைத்த கருநீலப் பள்ளிக் கோட்டு அது. பள்ளி முத்திரையை எடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்ந்த நீலத்தில் இருந்தது. அதன் மேல் ஒரு மாம்பழ நிறப் புடவையின் பார்டரை வைத்துத் தைத்தேன். அதே புடவைதான் உள்ளே லைனிங். அவளுடைய மெல்லிய உடம்புக்கு அகலத்தைக் குறைத்தபோது மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்து விட்டேன். அவளுக்குச் சீருடை தைத்த காலத்துப் பழக்கம். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று கை தானாக விடும்.

கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள், ஜன்னலில் கையசைத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்த வருஷம் நவம்பரில் வந்தவள், “பழசெல்லாம் சர்ச்சுல குடுத்துட்டு வர்றேம்மா” என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனாள். என் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு என்று லாட்ஜில் எல்லாரிடமும் சொன்னேன்.

டிசம்பரில் குவியலுக்குள் கைவிட்டபோது, கண்ணில் படும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது. என் தையல். மாம்பழ நிறம் எட்டிப் பார்த்தது. ‘வரட்டும், வைத்துக்கொள்கிறேன்’ என்று நினைத்தேன். அப்புறம் கோபம் அடங்கிப்போய் அழுகை முட்டியது. கோட்டை இழுப்பதற்குள் இன்னொரு கை அதை எடுத்துவிட்டது. முதலில் எடுத்தவருக்குத்தான் துணி. அதுவும் இங்கே ஒரு வழக்கம்.

எடுத்த பெண் தலைச்சோலைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவள். புடவைக்கு மேல் போட்டுப் பார்த்தாள்.

“ஏனுங்க, நல்லா இருக்குதுங்களா?”

“நல்லா இருக்குதுங்க” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

“காலைல பழம் பறிக்கப் போனா பனி நொம்பக் கொல்லுதுங்க. இதுன்னா தாங்கும். ஆனா கக்கத்துக்கிட்டத்தான் இறுக்கிப் பிடிக்குது.” மனமில்லாமல் கழற்றப் பார்த்தாள்.

“உள்ள ரெண்டு விரக்கடை துணி விட்டிருக்குதுங்க. பிரிச்சுக்கலாம்.”

சொல்லிவிட்ட பிறகுதான் உறைத்தது. லைனிங் போட்ட கோட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று தைத்தவளைத் தவிர யாருக்குத் தெரியும்? ஊர் இத்தனை வருஷம் காத்த நாகரிகத்தை நானே போட்டு உடைத்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோட்டைக் கழற்றி, மடித்து, என் பக்கம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் தோளுக்கு அது நன்றாகப் பொருந்தியிருந்ததை என் கண் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

“குடுங்க, நான் பிரிச்சுத் தெச்சுத் தர்றேன். ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்குங்க” என்றேன்.

அன்று மாலையே விடுமுறைக்கு மகள் வந்தாள். மெஷின் மேல் கோட்டு பிரிந்து கிடந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“போடறதுக்குக் கூச்சமா இருந்துச்சா, கண்ணு?” என்றேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

“கூச்சமெல்லாம் இல்லம்மா. சேலத்து வெயில்ல கம்பளிக் கோட்டு போடுவாங்களா? மொத நாளு பஸ் அடிவாரம் போறதுக்குள்ள வேர்த்து ஊத்திருச்சு. வகுப்புல ஃபேனு சுத்தறதே பாதி நாளு இல்ல. ஒரு வருஷமா ஆணியில மாட்டி வெச்சுப் பாத்துட்டே இருந்தேன். உங்கிட்டச் சொன்னா அழுவ. அதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வாழ்நாள் முழுக்க இந்தக் குளிரிலேயே இருந்துவிட்டேன். பிரிவு என்றால் எனக்குக் குளிராகத்தான் தெரிந்திருக்கிறது. அவள் போகிற ஊர் வெயில் ஊர் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

“மெல்லிசா ஏதாச்சும் தெச்சுக் குடும்மா. தெனமும் போட்டுக்கறேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்து கோட்டை வாங்கிப் போனாள். மாலையில் கடைத்தெருவில் அதைப் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். “இன்னைக்குப் பனி அதிகமுங்க” என்று மட்டும் சொன்னாள் என் மகள்.

மறுநாள் பழைய வேட்டி ஒன்றையும் இரண்டு பருத்திச் சட்டைகளையும் பிரித்துப் போட்டேன். அவளை நிற்கவைத்து டேப்பால் அளவெடுத்தேன். இத்தனை வருஷமும் மனதில் இருந்த பிள்ளையின் அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தேன் போல. தோள் எனக்குச் சமமாக வளர்ந்திருந்தது.

வெட்டும்போது வழக்கம்போலக் கை உள்ளே துணி விடப் போனது. நிறுத்தி, அவள் அளவுக்குச் சாக்பீஸால் வரைந்த கோட்டின் மேலேயே வெட்டினேன்.