பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரும் குரோம்பேட்டையும்

கனடாவின் இந்தக் கால்கரியில், குளிர்காலத்தில் விமானம் கிளம்பும் முன் அதற்குச் சுடச்சுடக் குளியல் போடுகிறார்கள். இறக்கையில் உறைந்த பனி கரைய வேண்டுமாம். சென்ற தை மாதம் என் விமானம் அந்தக் குளியலுக்கு வரிசையில் நின்றதில், வழியில் மாறி ஏற வேண்டிய அடுத்த விமானத்தைத் தவறவிட்டேன். முதல் நாள் மாலையே சென்னையில் இறங்க வேண்டியவன், தங்கை வித்யாவின் கல்யாணக் காலையில்தான் இறங்க முடியும் என்றானது. ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். தாலி ஏறியதும் அண்ணன் பொரியை அள்ளி அவள் கையில் போட, அவள் அதை அக்கினியில் இட வேண்டும். அவளுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

பக்கத்து இருக்கைக் கனடாக்கார அம்மாளிடம் இதைச் சொன்னேன். கல்யாணச் சாப்பாட்டுக்கு நான் அரிசி கொண்டுபோவதாக நினைத்துக்கொண்டு, "வேறு யாராவது கொண்டுபோக மாட்டார்களா?" என்று பரிவோடு கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் ஊரில் பெரியப்பா மகன் குமார் இருந்தான். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதிலிருந்து தாம்பரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் பிடித்தது வரை எல்லாம் அவன்தான்.

பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து பல்லாவரத்தில் மாட்டிக்கொண்டேன். டாக்ஸி நகர்ந்து நகர்ந்து குரோம்பேட்டை வருவதற்குள் ஒன்பதரை. அப்பா போன் செய்தார்.

"எங்கப்பா இருக்க?"

"குரோம்பேட்டைப்பா."

"இன்னும் குரோம்பேட்டையா? ஐயர் அவசரப்படுத்துறாரு. எவ்ளோ நேரம்தான் நிறுத்தி வைக்கிறது?"

அப்போதுதான் தாம்பரம் ரயில் எங்களைத் தாண்டிப் போனது. விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன். கல்லூரிக் காலமெல்லாம் இந்த ரயிலில் தொங்கியவன், இப்போது விருந்தாளி மாதிரி டாக்ஸி பிடித்திருக்கிறேன். என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"இங்கயே எறங்கி ட்ரெய்ன புடி சார்," என்றார் டிரைவர். "பொட்டிய நான் மண்டபத்துக்கு எட்துகினு வரேன்."

பெட்டியைக் கண்ணைவிட்டு அகல விடாதீர்கள் என்று விமான நிலையந்தோறும் ஒலிபெருக்கியில் கேட்டு வந்தவன் நான். ஒரு நொடி தயங்கினேன். பிறகு அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

தாம்பரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, சேலையூர் மண்டபத்தில் நுழைந்தபோது தாலி ஏறியிருந்தது. ஒரே புகை. வித்யாவின் பின்னால் குமார் பொரித் தட்டோடு நின்றான். முதல் பிடியைப் போட்டு முடித்திருந்தான்.

"சொந்த அண்ணன் வந்தாச்சு, தட்ட குடுப்பா," என்றது கூட்டம். குமார் உடனே என் பக்கம் நீட்டினான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வித்யா தலை நிமிராமல் சொன்னாள். "குமாரண்ணாவே போடட்டும். நீ அவர் கையைத் தொட்டுக்கோண்ணா."

வலித்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பே இல்லை. குமார் இரண்டாவது பிடியை அள்ளினான். நான் வலது கையால் அவன் முழங்கையைத் தொட்டுக்கொண்டேன். இடது கையில் என் பனிக்கோட்டு கனத்தது.