தொண்ணூறு பேரும் ஒரு கோவேறு கழுதையும்

என் மச்சினன் பல் செட் செய்கிறவன். எங்கள் ஊரில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு அவன் கையால் அரம் போட்டது. எது சொந்தச் சிரிப்பு, எது தூங்கும்போது டம்ளர் தண்ணீரில் கிடக்கிற சிரிப்பு என்று அவனுக்கு அத்துப்படி. ஆனால் சொல்ல மாட்டான். இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். நாலு பேர் காகிதத்தைப் பார்த்து, நாலு பேர் கதையைத் தெரிந்து வைத்துக்கொள்வது எனக்குத் தொழிலோடு வந்த பழக்கம். அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வாய்க்குள்ளேயே வேலை பார்த்தும் வாயே திறக்காத மனுஷன்.

அவனுக்கு ஒரே ஒரு பைத்தியம்தான், இசை. அதுவும் லேசுப்பட்ட இசை இல்லை. சினிமாவில் மலை இடிந்து விழும்போதும் படை கிளம்பும்போதும் பின்னாலிருந்து வருமே, அந்த மாதிரி. யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து விரலைப் பழக்கிக்கொண்டான். வீட்டுப் பின்னறையில் துணி துவைக்கிற மெஷின், அதன் பக்கத்தில் ஒரு பழைய மேஜை, மேஜைமேல் கீபோர்டு, கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர். அந்தக் கம்ப்யூட்டருக்குள் தொண்ணூறு பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னான். நான் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒயர்தான் இருந்தது.

“தொண்ணூறு பேருக்கும் டீ போடச் சொல்லாத வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லண்ணே” என்றாள் அவன் பெண்டாட்டி, மெஷினுக்குள் துணியைத் திணித்துக்கொண்டே.

அவனுடைய அப்பா, அதாவது என் மாமனார், அவர்களோடுதான் இருக்கிறார். பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். ஒரு சண்டையும் பார்த்தவர். ஆனால் அதைப் பற்றிக் கேட்டால், “சாமான் தூக்கினோம்” என்பார். அவ்வளவுதான். மற்ற வீட்டுப் பட்டாளத்துக்காரர்கள் ஒரு குண்டை நாற்பது வருஷம் வெடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

இன்னொரு விசேஷமும் உண்டு. மனுஷன் நடந்தால் சத்தமே வராது. டம்ளரைக் கீழே வைத்தால் சத்தம் வராது. கதவைச் சாத்தினால் சாத்தியது தெரியாது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார். “மாமா, ஒரு இருமலாவது இருமிட்டு வாங்க” என்று மருமகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவரைப் பற்றியே நான் பேசிக்கொண்டிருந்து, அவர் பின்னால் வந்து நின்று, பேச்சை அப்படியே வானிலைக்கு மாற்றிய சம்பவங்கள் எனக்கு ஏழெட்டு இருக்கும்.

தூக்கத்தில் மட்டும் பேசுவார். “சும்மா இரு கண்ணு, சும்மா இரு.” குரல் அப்படியே குழையும். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார்; அவரை இவர் ஒருநாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை என்பதற்கு என் வீட்டுக்காரி சாட்சி. ஆகவே மலைப்பக்கம் யாரோ ஒரு கண்ணு இருந்திருக்கிறாள் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். நாலைந்து பேரிடம் சொல்லியும் இருந்தேன்.

முன்னாள் ராணுவத்தினர் சங்கம் வருஷத்துக்கு ஒருதடவை ஹாலில் கூடும். மாமனார் போகவே மாட்டார். முப்பது வருஷத்துக்கு முன் ஒரே ஒரு தடவை போனார். அன்றைக்கு மச்சினனும் கூடப் போய் வாசலில் காத்திருந்தான். போன அரைமணி நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாராம். “வாடா போலாம்.” வீடு வரைக்கும் வேறு பேச்சில்லை. அந்தத் தலைகுனிவு அவன் மனசில் முள்ளாக நின்றுவிட்டது. அப்பா ஒருதடவையாவது அந்த ஹாலுக்குள் போய்க் கடைசிவரை உட்கார்ந்து வரவேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

வழி என் கடையில் பிறந்தது. சங்கத்தின் செயலாளர் அழைப்பிதழ் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பீரங்கிப் பிரிவில் இருந்தவர், அதனால் ஊரில் அவருக்குப் பெயரே பீரங்கி. காது பாதி போய்விட்டதால் குசலம் விசாரித்தாலே கண்ணாடி அலமாரி நடுங்கும். என் மச்சினன் பாட்டுப் போடுவான் என்று நான் வாயை விட்டேன். பழைய போட்டோக்கள் திரையில் ஓடும்போது போட்டுக்கொள்ளலாம், நாலு நிமிஷம் தருகிறேன் என்றார்.

“ஆனா ஒண்ணு. கதவு ஜன்னல் எல்லாம் அதிரணும்.”

மச்சினன் அதிர வைத்தான். ஒரு மாசம் பின்னறையிலேயே குடியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களை எல்லாம் கூப்பிட்டு, அப்பாவை நடுநாற்காலியில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினான். முரசு, எக்காளம், விமானம் தாழப் பறக்கிற மாதிரி வயலின். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு ஏதாவது ஒரு போருக்குக் கிளம்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கடைசியில் தொண்ணூறு பேரும் சேர்ந்து ஒரே இடி.

இடி விழுந்ததும் மாமனார் எழுந்தார். இரண்டே எட்டில் ஸ்பீக்கரிடம் போய், உள்ளங்கையை விரித்து அதன் வாயில் வைத்து அழுத்தினார். அடிக்கவில்லை, தள்ளவில்லை. சத்தம் அடங்கும் வரை அழுத்திப் பிடித்தார். அப்புறம் அந்தக் கையை, அது யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

“போதும்ப்பா” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மச்சினன் கம்ப்யூட்டரை அணைத்து, கீபோர்டுமேல் பழைய போர்வையைப் போட்டு மூடினான். நான் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஒரே வாரத்தில் அந்தப் போர்வைமேல் துவைத்த துணி ஏறிவிட்டது. எங்கள் வீடுகளில் எந்த இடமும் ரொம்ப நாள் காலியாக இருக்காது. கூட்டத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

இதற்கு நடுவில் மாமனாருக்குக் கீழ்வரிசைப் பல் செட் நடந்துகொண்டிருந்தது. முதலில் மெழுகில் பல்லை நட்டு, வாயில் வைத்துப் பார்த்து, மறுபடி சுரண்டுவார்கள். அப்படி வைத்துப் பார்க்கும்போது ஆள் பேசவும் வேண்டும். உதடு சேர்கிறதா, நாக்குத் தட்டுகிறதா என்று பார்ப்பதற்கு மச்சினன் எல்லோரையும் முப்பதிலிருந்து நாற்பது வரை எண்ணச் சொல்வான். அவன் பட்டறையில் தினமும் யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு மாமனாரைக் கூட்டிப்போனது நான்தான். அப்பாவும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மச்சினன் மெழுகுச் செட்டை வாயில் பொருத்திவிட்டு, எண்ணச் சொல்லிவிட்டு, கத்தியைச் சூடு பண்ண அந்தப் பக்கம் திரும்பினான்.

மாமனார் எண்ணினார். முப்பது, முப்பத்தொன்று என்று ஒழுங்காக வந்தது. முப்பத்தேழில் நின்றுவிட்டார். மறுபடியும் மெதுவாக, “முப்பத்தேழு” என்றார்.

“அடுத்தது முப்பத்தெட்டு மாமா” என்றேன்.

“தெரியும்.”

அவர் குரல் குழைந்திருந்தது. எனக்கு அந்தக் குரலைத் தெரியும். சமயம் பார்த்துக் கேட்டுவிட்டேன். “மாமா, தப்பா நெனைக்காதீங்க. தூக்கத்துல கூப்பிடுவீங்களே, அந்தக் கண்ணு யாரு?”

“அதுதான் முப்பத்தேழு” என்றார். “குளம்புல சூடு போட்ட நம்பர். கோவேறு கழுதை.”

என் காதல் கதை அத்தோடு செத்தது. நாலைந்து பேரிடம் போய்த் திருத்தம் சொல்லவேண்டிய வேலை வேறு.

மெழுகுப் பல்லோடு, நடுநடுவே எச்சிலை விழுங்கிக்கொண்டு, அவர் சொன்னார். அவர் கோவேறு கழுதைப் படையில் இருந்தவர். லாரி ஏறாத மலையில், முகட்டுக்குக் கீழே இருந்த நம் ஆட்களுக்குச் சோறும் தண்ணீரும் குண்டும் ஏற்றிப்போவது வேலை. முகட்டுக்கு மேலே எதிரி. ஒரு சத்தம் கேட்டால் போதும், அந்த இடத்தில் குண்டு விழும். அதனால் கழுதையின் மணியைக் கழற்றிவிடுவார்கள். சங்கிலிக்குத் துணி சுற்றுவார்கள். நாலு குளம்புக்கும் சாக்குக் கட்டுவார்கள். கழுதை கத்துமுன் மூக்கு விடைக்குமாம். அந்த நொடியில் உள்ளங்கையை மூக்கில் வைத்து அழுத்திவிட வேண்டும். ஒரு கையில் கயிறு, ஒரு கை மூக்குப் பக்கத்திலேயே, அப்படியே பாதை முழுக்க.

“பதினோரு தடவை ஏறினோம். ஒரு தடவைகூட மேல இருந்தவனுக்குக் கேக்கல.”

முப்பது வருஷத்துக்கு முன் சங்கக் கூட்டத்துக்குப் போன அன்றைக்கு ஆளாளுக்கு எத்தனை சுட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இவர் முறை வந்தபோது, சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறார். சிரித்துவிட்டார்கள். ஒருத்தன் கழுதை மாதிரி கத்தியும் காட்டினானாம்.

முப்பத்தேழு என்ன ஆயிற்று என்று கேட்டேன். வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார்கள், கயிற்றைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றார். கயிறு இன்னும் கையில் இருப்பதுபோல விரலை மூடித் திறந்தார்.

மச்சினன் முதுகைக் காட்டியபடியே நின்றான். கத்தி எப்போதோ ஆறிப்போயிருந்தது.

“அப்ப அன்னைக்கு ஸ்பீக்கர்ல கை வெச்சீங்களே...”

“கை தானா போச்சுடா. பாட்டு நல்லாத்தான் இருந்துது. யாரோ பெரிய ஆளுக்குப் போட்ட மாதிரி இருந்துது.”

மச்சினன் கொஞ்சநேரம் எதையோ தேடுகிறவன்போல மேஜையைத் தடவினான். அப்புறம், “கடிங்கப்பா” என்றான்.

அன்று சாயங்காலமே போர்வைமேல் இருந்த துணி இறங்கியது. முரசு போயிற்று, எக்காளம் போயிற்று, இடி போயிற்று. தொண்ணூறு பேரையும் வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் அடக்கி வாசிக்கவைத்தான். அவன் கீபோர்டில் கட்டையை எவ்வளவு லேசாகத் தொடுகிறோமோ அவ்வளவு மெதுவாக உள்ளே வாசிப்பார்கள். முடி கனத்துக்கு மெழுகு சுரண்டுகிற விரல் ஆயிற்றே, தொட்டும் தொடாமலும் தொட்டான். ரொம்ப மெதுவாக வாசிக்கும்போது வயலின் சத்தத்துக்கு உள்ளே, பதிவு செய்த அன்றைக்கு வாசித்தவரின் மூச்சு கேட்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். கேட்டது. எனக்கு என்னவோ போல இருந்தது.

குளம்புச் சத்தத்துக்குத்தான் திண்டாடினான். கம்ப்யூட்டரில் இருந்த குதிரை எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் பட்டறையிலிருந்து ஒரு பிளாஸ்டர் தாடையைக் கொண்டுவந்து, சாக்குத் துணியில் சுற்றித் தரையில் மெல்லத் தட்டினான். தொப், தொப். யார் தாடை என்று கேட்டேன். வழக்கமாகச் சொல்லாதவன் அன்றைக்குச் சொன்னான். அப்பாவுக்குப் பல் செய்ய எடுத்த அச்சு.

ஒன்பது நாள் அந்த வீட்டில் துவைக்கிற மெஷின் ஓடக்கூடாது என்று உத்தரவு. அவன் பெண்டாட்டி துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்து துவைத்தாள். எனக்கு ஒன்பது நாளும் அந்தத் தெரு சமாச்சாரம் குறைவில்லாமல் கிடைத்தது.

பீரங்கி முன்கூட்டியே கேட்கவேண்டும் என்று கடைக்கு வந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். நாலு நிமிஷமும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஒயர் கழண்டிருக்கு பாருங்க.”

“ஹால்ல கேக்கும் சார்” என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினேன்.

அப்பாவை எப்படிக் கூப்பிடுவது என்று மச்சினன் நாலு நாள் தவித்தான். கடைசியில், “முப்பத்தேழுக்காகப் போட்டிருக்கேன்ப்பா. தோணுச்சுன்னா வாங்க” என்று மட்டும் சொன்னான். கூட்டத்தன்று நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். திரும்பினால் சலவைச் சட்டையோடு பின்னால் நிற்கிறார்.

ஹாலில் இருநூறு இரும்பு நாற்காலி. மாமனார் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தார். எழுந்து போக வசதியான இடம். மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை மைக்செட்காரரிடம் காவல் போட்டிருந்தான்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் போட்டோ ஓட ஆரம்பித்தது. பாட்டும் ஆரம்பித்தது, எனக்குத் தெரியும். ஆனால் பேச்சும் நாற்காலி இழுபடுவதும்தான் கேட்டது. யாரோ “சவுண்டு, சவுண்டு” என்றார். மேடையிலிருந்து பீரங்கி கையை மேலே மேலே தூக்கிக் காட்டினார். மைக்செட்காரர் திருகில் கை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒண்ணுமே வரலையே சார்.”

“வருது. கேளுங்க.”

வருகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் முன்வரிசை வாயை மூடியது. அடுத்த வரிசை, அவர்கள் ஏன் மூடினார்கள் என்று மூடியது. அப்படியே பின்னால் வரை போயிற்று. யாரோ எழுந்துபோய்க் கடகடத்த மின்விசிறியை நிறுத்தினார். இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டது. தொப், தொப். அதற்கு மேலே, மூச்சு மாதிரி, வயலின்.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லா வாத்தியமும் சேர்ந்து மேலே எழும். எழுந்து, இதோ வெடிக்கப்போகிறது என்கிற இடத்துக்கு வரும். மூக்கு விடைக்கிற இடம். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். மாமனாரின் வலது கை முழங்காலிலிருந்து எழும்பி, உள்ளங்கை விரிந்து, காற்றில் நின்றது. வாத்தியங்கள் வெடிக்கவில்லை. அந்த இடத்திலேயே அடங்கிக் கீழே இறங்கின. அந்தக் கையும் மெல்ல இறங்கி முழங்காலுக்கு வந்தது. தொப், தொப் என்று குளம்பு தூரம் போயிற்று.

ஒருவரும் கை தட்டவில்லை. முடிந்ததா இல்லையா என்றே யாருக்கும் தெரியவில்லை. “முடிஞ்சுதா?” என்று பீரங்கி மைக்கில் கேட்டபோதுதான் சிரிப்பும் கைத்தட்டலும் சேர்ந்து வந்தது.

அப்பாவும் பிள்ளையும் கதவுக்கு வெளியே போய் நின்றார்கள். நானும் ஓடினேன். இதைத் தவறவிட்டால் எனக்கு எதற்குக் காது? மச்சினன் அப்பாவின் சட்டைக் காலரை இல்லாத மடிப்புக்காகச் சரிசெய்துகொண்டிருந்தான்.

மாமனார் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மேல இருந்தவனுக்குக் கேட்டிருக்காதுடா” என்றார்.

மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“போலாமாப்பா?” என்று கேட்டான்.

“டீ குடுக்கறாங்களே” என்றார் மாமனார். “இருந்து குடிச்சிட்டுப் போலாம்.”

சொல்லிவிட்டு ஹாலுக்குள் போனார். கதவு சாத்திய சத்தமே கேட்கவில்லை.