மம்சாபுரம் பஸ் ஸ்டாப்பில் ஜெர்மனி

மில் பஸ்ஸிலிருந்து இறங்கிய மாரிச்செல்வி, தன்னைத் தானே பார்த்து மிரண்டு நின்றுவிட்டாள். எதிரே, மம்சாபுரம் பஸ் ஸ்டாப்பின் கூரையை மறைத்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கும் மேலே அவளே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த பட்டுச்சேலைப் படம். ஒரு தோளுக்கு மேலே விமானம், இன்னொரு தோளுக்கு மேலே ஈஃபில் கோபுரம். 'ஜெர்மனி செல்லும் எங்கள் வீட்டு மகாலட்சுமியே, வாழ்க! வெல்க!' கீழே வரிசையாகச் சொந்தபந்தங்களின் தலைகள். எல்லாத் தலையையும்விடப் பெரிதாக வலது மூலையில் ஒரு முறுக்கு மீசை. அது தாய்மாமன் ஜெயபாண்டி, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

இதில் ஒரே ஒரு கோளாறுதான். அவள் ஜெர்மனிக்குப் போவது இன்னும் முடிவாகவில்லை. நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அவ்வளவே.

நம் பக்கத்தில் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், கருமாதிக்கும் ஃபிளெக்ஸ். கண்காட்சியில் பரிசு வாங்கிய நாய்க்கே வாழ்த்து அடித்து ஒட்டியவர்கள் நாம். ஆனாலும் நடக்காத காரியத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்த பெருமை ஜெயபாண்டியைத்தான் சேரும்.

மாரிச்செல்விக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் சோதனைக்கூடத்தில் வேலை. படித்தது டெக்ஸ்டைல் இன்ஜினியரிங். நூலாகாமல் உதிர்ந்துபோகும் கழிவுப் பஞ்சின் மேல் அவளுக்கு ஒரு கிறுக்கு. மில்லில் எல்லாரும் தலையிலிருந்து தட்டிவிட்டுப் போகிற அந்தப் பஞ்சை மறுபடி நல்ல நூலாக்க முடியாதா என்று கேட்டுக் கேட்டு மேலாளரின் உயிரை வாங்கியிருக்கிறாள். அதைச் சொல்லிக்கொடுக்கிற மேல்படிப்பு ஜெர்மனியில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, ஞாயிறு தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். அங்கே எலினா மிஸ் தன் வீட்டு மாடியில் ஜெர்மன் வகுப்பு எடுத்தார். ஜெர்மனியில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, பிள்ளைப்பேற்றுக்காகத் திரும்பி வந்தவர். வகுப்பில் மற்ற எல்லாரும் நர்ஸ் வேலைக்குப் போகப் படிப்பவர்கள். படிக்கப் போவதற்காகப் படித்தவள் இவள் ஒருத்திதான்.

"அங்க கவர்மெண்ட் யுனிவர்சிட்டில பெரும்பாலும் ஃபீஸ் கிடையாது செல்வி," என்று எலினா மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஆனா ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முன்னாடியே பேங்க்ல போட்டுக் காட்டணும். இல்லன்னா ஸ்காலர்ஷிப் வாங்கணும். உங்க வீட்ல எது முடியும்?"

அப்பா இல்லாத வீடு. அம்மா சண்முகத்தாயும் மாமாவும் சேர்ந்து பார்க்கிற தோட்டம்தான் சொத்து. விஷயத்தைக் கேட்டதும் மாமா, "தோட்டத்தை வித்துப்போடுவோம்டி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் குறுக்கே நின்று மறித்தவள் மாரிச்செல்விதான். ஒரு பிடி மண்ணை விற்றாலும் தான் போகப்போவதில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தாள். ஆக, ஸ்காலர்ஷிப் கிடைத்தால் ஜெர்மனி, இல்லையென்றால் மில். இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஒன்று கையை விரித்துவிட்டது. இன்னொன்று, ஒரு ஜெர்மன் அறக்கட்டளை, நேர்காணலுக்கு அழைத்தது.

அந்த அழைப்புக்குத்தான் இந்த அலங்காரம்.

"மாமா! கூப்பிட்டிருக்காங்கன்னுதான சொன்னேன்!" வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினாள்.

"ஆமா, பட்டாளத்துல எங்களயும் அப்படித்தானட்டி கூப்பிட்டாக. கிரவுண்டுல ஓடுனோம், நெஞ்ச அளந்தாக, பரீட்சை எழுதுனோம், வீட்டுக்கு வந்துட்டோம். பொறவு கால் லெட்டர் வந்துச்சு. பெட்டியக் கட்டுனேன், ரயிலேறுனேன். கால் லெட்டர் வந்த பொறவு எவனாச்சும் கேள்வி கேப்பானா?"

"எனக்கு இனிமேத்தான் மாமா கேள்வியே கேப்பாங்க!"

ஜெயபாண்டியின் கை மீசையிலிருந்து இறங்கியது. "அப்போ... இன்னும் ஆள எடுக்கலையா?"

"எடுக்கல. அதுலயும் அந்தக் கோபுரம் பாரிஸ்ல இருக்கு, ஜெர்மனில இல்ல."

"அது ஃபிளெக்ஸ் அடிக்கிற ராம்கி போட்டது தாயி. வெளிநாடுன்னா கடையில அந்தப் படந்தான் இருக்குன்னான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். மாரிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

மறுநாள் மில்லில் சூப்பர்வைசர் தங்கப்பாண்டியன் எதிரே வந்து கை கூப்பினார். மம்சாபுரம் வழியாக வருகிற மனிதர். "வாழ்த்துக்கள்மா. எப்போ ரிலீவ் ஆகுற? உன் எடத்துக்கு ஆள் பாக்கச் சொல்லிட்டாங்க." ஸ்காலர்ஷிப் கிடைக்காவிட்டால் இந்த வேலையும் போய்விடும். ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்கவும் முடியாது.

மாமாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் ஃபிளெக்ஸை அவரே கழற்றினார். மம்சாபுரம் சும்மா இருக்குமா? வைத்தபோது பேசியதைவிடக் கழற்றியபோது இரண்டு பங்கு பேசியது. விசா கிடைக்கலையாம் என்றார்கள், மாப்பிள்ளை வீட்டார் மறித்துவிட்டார்களாம் என்றார்கள். டீக்கடையில் ஒருவர், அந்த நாட்டில் சண்டையாம் என்று புதிதாக ஒரு போரையே மூட்டிவிட்டார். கழற்றிய ஃபிளெக்ஸ் மாமாவின் ஆட்டுக்கொட்டகைக்கு மேலே ஏறியது. நல்ல சாமானை வீணாக்குகிற பழக்கம் அவரிடம் கிடையாது.

நேர்காணல் அன்று கரண்டை நம்ப முடியாதென்று, எலினா மிஸ் வீட்டு மாடியில் ஏற்பாடு. அங்கே இன்வெர்ட்டர் உண்டு. கேட்காமலேயே பைக்கைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார் மாமா. அவள் ஏறி உட்கார்ந்தாள். போய்ச் சேர்ந்ததும், "நான் கீழயே நிக்கேன். நீ போயிட்டு வா தாயி," என்றார்.

திரையில் மூன்று பேர். மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் அவள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். கழிவுப் பஞ்சைப் பற்றிப் பேசும்போதுகூட நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கடைசியில் நரைத்த முடி அம்மாள் ஒருவர், "நீங்கள் இவ்வளவு தூரம் வருவது உங்கள் குடும்பத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

மாரிச்செல்விக்கு என்ன ஆனதோ, சிரித்துவிட்டாள். "தெரியுமாவா? எங்கள் ஊருக்கே தெரியும். நான் ஏற்கெனவே கிளம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!" என்றாள் ஜெர்மனில். பிறகு மடை திறந்துவிட்டது. ஃபிளெக்ஸ், பட்டுச்சேலை, ராணுவத்து அழைப்பு, ஈஃபில் கோபுரம், எல்லாம் கொட்டிவிட்டாள். இரண்டு வருடத்தில் அவள் இப்படிப் பேசி எலினா மிஸ்ஸே கேட்டதில்லை.

"இப்போது அந்தப் பதாகை எங்கே?"

"ஆடுகளுக்குக் கூரையாக இருக்கிறது. எங்கள் வீட்டில் எதையும் வீணாக்குவதில்லை. மில்லில்தான் மூட்டை மூட்டையாகப் பஞ்சை வீணாக்குகிறோம். அதை வீணாக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறேன்." அதிலிருந்து பஞ்சு நாக்கில் ஒட்டவில்லை. மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கேட்க, அவள் சளைக்காமல் பதில் சொன்னாள்.

அப்புறம் காத்திருப்பு. மாசி போய்ப் பங்குனியும் பாதி போனது. ஒருநாள் டீ இடைவேளையில் மின்னஞ்சல் வந்தது. படித்தாள். தலையில் பஞ்சோடு அங்கேயே உட்கார்ந்து திரும்பவும் படித்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை, நேரே ஆட்டுக்கொட்டகைக்கு ஓடினாள்.

"மாமா, வந்துருச்சு!"

ஜெயபாண்டி ஆட்டுக்குக் கொண்டுவந்த குழைக்கட்டைக் கீழே போட்டார். உடனே துள்ளவில்லை. பட்ட அடி அப்படி. "நல்லாப் பாத்துச் சொல்லுட்டி. கூப்பிட்டிருக்காகளா, எடுத்துட்டாகளா?"

"எடுத்துட்டாக மாமா."

அவர் அப்படியே தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, பனிமலையில் காவல் நின்ற மனிதர், குலுங்கிக் குலுங்கி அழுதார். "உன் பொழப்பக் கெடுத்துட்டேன்னு நெனச்சேன் தாயி. ராத்திரில தூக்கமே இல்ல." அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஆடுகள் குழையை மேய்ந்துகொண்டிருந்தன.

செத்த நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "யாருகிட்டயும் மூச்சு விடாத. விசா கையில வரட்டும்," என்றார்.

"அதெல்லாம் முடியாது," என்று மாரிச்செல்வி கொட்டகை மேல் ஏறி ஃபிளெக்ஸை இழுத்தாள். தண்ணீர் ஊற்றி இரண்டு பேரும் தேய்த்துக் கழுவினார்கள். எழுத்து பளிச்சென்று இருந்தது. விமானம் இருந்தது, பாரிஸ் கோபுரமும் கெட்டியாக நின்றது. கூரையிலிருந்து கீழே தொங்கிய வலது மூலைதான் இல்லை. மாமாவின் முகத்தை மட்டும், மீசை உட்பட, ஆடு தின்றுவிட்டது.

"போனாப் போகுது, விடு. இனி அந்த மூஞ்சி எதுக்கு?" என்றார் ஜெயபாண்டி.

அன்று சாயங்காலமே ஃபிளெக்ஸ், இந்த முறை அடி விளிம்பு தரையைத் தொடுகிற மாதிரி, மறுபடி பஸ் ஸ்டாப்பில் ஏறியது. கட்டி முடித்துவிட்டு ஏணியோடு நழுவப் பார்த்த மாமாவின் கையைப் பிடித்து இழுத்தாள் மாரிச்செல்வி. ஓட்டை விழுந்திருந்த அந்த மூலையில் கொண்டுபோய் அவரை நிறுத்தினாள்.

"அசையாம நில்லுங்க மாமா. இது உங்க எடம்."

அவர் மீசையை முறுக்கிக்கொண்டு விறைப்பாக நின்றார். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் கைதட்ட, அவள் போனை உயர்த்திப் படம் எடுத்தாள்.