உறக்கத்திலும் மூடாத கண்

கண்ணியத்திற்குரிய ஐயா, அம்மணி அவர்களே,

தங்கள் இல்லங்களில் இறைவனின் சாந்தி நிலவட்டும்.

யுத்தம் ஓய்ந்த 2009ஆம் ஆண்டில் என் வலது கண் மங்கத் தொடங்கியது. விடியும்போது இமை சிவந்து, பீளை ஒட்டி, மணல் விழுந்தாற்போல் உறுத்தும். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையில் நான் சைக்கிள் திருத்துபவன். சக்கரத்தைச் சுழற்றினால் கம்பிகள் பனிக்குள் ஓடுவதாகத் தோன்றும். குர்ஆனை விரித்தால் எழுத்துகள் தண்ணீருக்குள் கிடக்கும். 2004இல் சுனாமி என் மூத்த மகளைக் கொண்டுபோனபின் ஓதுவதொன்றே எனக்கு ஆறுதல். அதுவும் போய்விடுமோ என்று நடுங்கினேன்.

சுனாமியன்று கண்ணில் புகுந்த கடல்நீரே காரணமென்று நானாகவே தீர்மானித்திருந்தேன். மருந்துகள் பல விட்டும் பயனில்லை. "யா அல்லாஹ், உன் வேதத்தைப் பார்க்கும் ஒளியை எடுத்துவிடாதே" என்று ஒவ்வொரு சுஜூதிலும் நெற்றியை நிலத்தில் வைத்து அழுதேன்.

ஒரு நாள் நண்பகல் லுஹர் தொழுதபின் கண்ணயர்ந்தேன். விழித்தபோது மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்க, நித்திரையில உங்கட மேல் இமை மடங்கிக் கிடக்கு. உள்சிவப்புப் பாயில உரசுது."

அதை அவளே கண் வைத்தியரிடம் சொன்னாள். இளம் பெண்பிள்ளையான அவர் என் இமையை விரலால் மெல்ல உயர்த்தினார்; அது எளிதாகப் புரண்டது. விளிம்பை அழுத்த, தெளிந்த எண்ணெய்க்குப் பதிலாகப் பற்பசைபோல் கெட்டியாக வந்தது. இமை தளர்ந்திருப்பதால் உறக்கத்தில் புரண்டு உரசுகிறதென்றும், கண்ணீர் உலராமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டுள்ளனவென்றும் விளக்கினார்.

"வாப்பா, எந்தப் பக்கம் முகத்தை அழுத்திப் படுக்கிறீங்க?"

வலப்பக்கம் என்றேன். சுனாமிக்குப் பின் கரையோரத்தில் எங்களிற் சிலர், தலையணையின்றி, மறுபடி அலை வருமோவென்று காதை நிலத்தோடு வைத்துக் கடலைக் கேட்டபடியே உறங்கிவந்தோம்.

"இவர்ர குறட்டைக்குக் கடல் வந்தாலும் கேட்காது, டொக்டர்" என்றாள் மனைவி.

வைத்தியர் சிரிக்கவில்லை. இமை தளர்ந்தோர் பலருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதுண்டு, அதனால் குறட்டையையும் பரிசோதிக்க வேண்டுமென்றார். படுக்கும்போது கண்ணுக்கு மூடியிடவும், முகத்தை அழுத்தாதிருக்கவும், இளஞ்சூட்டுத் துணியால் ஒற்றி இமையை நீவவும் பணித்தார்.

காதை நிலத்திலிருந்து எடுப்பதே கடினமாயிருந்தது. "ரப்பே, கடலை நீயே பார்த்துக்கொள்" என்று ஒப்படைத்துத் தலையணையில் சாய்ந்தேன். கனவில் மகள் கரையில் நடந்துவந்தாள். அவள் உடை நனைந்திருக்கவில்லை.

சில மாதங்களில் கண் தெளிந்தது. குர்ஆனின் யாஸீன் சூராவைத் தடங்கலின்றிப் பார்த்து ஓதினேன். அல்ஹம்துலில்லாஹ். நான் கேட்டது பார்வையை. அவன் முதலில் தந்தது நிம்மதியான உறக்கத்தை. அஞ்சி விழித்திருப்போரே, நீங்களும் அவனிடம் ஒப்படைத்துப் பாருங்கள்.

என்னைப்போல் அவதியுறும் எவருக்கேனும் உதவக்கூடுமாதலால், இவ்விபரத்தைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.