தித்தியின் மேல் ஒரு ஜெபம்

என் கணவர் சாமுவேலுக்குச் சர்க்கரை வியாதியால் முதலில் கண் பார்வை போனது. பிறகு சிறுநீரகம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிந்ததும் டயாலிசிஸ். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து அந்த நிலையம் ரொம்ப தூரமில்லை. ஆனால் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. சபைச் சகோதரர் ஒருவர்தான் தன் காரில் கொண்டுபோய் விடுவார், நானும் கூடப் போவேன். போன வருடம் அவருக்கு ஈப்போவுக்கு வேலை மாற்றம் வந்தது. எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது.

வாடகைக் கார் அந்த நேரத்துக்கு வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வராத நாளில் சாமுவேல் போட்ட சட்டையோடு திரும்பப் படுத்துக்கொள்வார். மறுநாள் கால் வீங்கும், மூச்சு வாங்கும். "போதும் மேரி, விட்டுரு லா" என்பார். அதைக் கேட்டால் அவர் மேல் கோபம் வரும். கர்த்தர் மேல் அதைவிட அதிகமாக வரும். எதற்கு மறைக்க?

வாசலில் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் சும்மா நின்றது. எனக்கு நாற்பத்தேழு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்கு ரயிலில் போய் வருகிறவள், சைக்கிள்கூட ஓட்டியதில்லை. வேறு வழி தெரியாமல், ஓட்டப் பழகுகிறவர்களுக்குத் தரும் எல் லைசன்ஸ் எடுத்தேன். எல் வைத்திருப்பவர் பின்னால் ஆளை ஏற்றக் கூடாது. டெஸ்ட் பாஸானால்தான் அவரை ஏற்ற முடியும்.

டெஸ்டில் தித்தி என்று ஒன்று உண்டு. ஒடுக்கமான, நீளமான மேடை. அதன் மேல் மெதுவாக ஓட்டிக் கடக்க வேண்டும். சரிந்தால் ஃபெயில். எனக்கு கியர் வந்தது, வளைவு வந்தது, தித்தி மட்டும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் விழுந்தேன். சொல்லிக்கொடுத்த தம்பி ஒருநாள், "அக்கா, தித்தி மேல ஏறுனதும் கண்ண மூடிக்கிறீங்க. எதுக்குலா?" என்று கேட்டார். பயம் என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையில் நான் ஜெபித்தேன். ஞாயிறு பள்ளியில் ஜெபத்தின்போது கண்ணைத் திறந்தால் தொடையில் கிள்ளு விழும். அந்தப் பழக்கம், "ஆண்டவரே" என்றாலே எனக்கு இமை தானாக மூடிவிடும்.

டெஸ்ட் அன்றும் அதேதான். "ஆண்டவரே" என்றேன். கண் திறந்தபோது மோட்டார் என் மேல் கிடந்தது. கூப்பிட்டவளைக் கீழே தள்ளிவிட்டாரே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஜெபிக்கவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. அந்த வாரமே வாடகைக் கார் வராமல் போய், சாமுவேலுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். சாமுவேல் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கியதும், "என் கண்ணுதான் போச்சு. நீயாச்சும் கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டு ஜெபம் பண்ணேன் லா. அவருக்குக் கேக்காமப் போயிருமா?" என்றார். முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு, எத்தனையோ நாளாகப் பதிலே வரவில்லை என்று நினைத்திருந்தேனே, இதுதான் பதிலோ என்று தோன்றியது.

மறுபடியும் டெஸ்டுக்குப் போனேன். மேடையின் அந்த முனையையே பார்த்தேன். "ஆண்டவரே, சாமுவேலை டயாலிசிஸுக்குக் கொண்டுபோகணும்" என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே சொன்னேன். இமை துடித்தது. மூட விடவில்லை. டயர் மறுபக்கம் இறங்கியதும் அழுதுவிட்டேன். பாஸ்.

பின்னால் ஏற்றிக்கொண்டு போன முதல் நாள் சாமுவேல் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போ லா, ஆண்டவர்கிட்ட அவசரமா போக வேணாம்" என்றார்.

பார்வை திரும்பவில்லை. சிறுநீரகமும் அப்படியேதான். டாக்டர் நல்ல வார்த்தை எதுவும் சொல்வதில்லை. சில காலையில் அவருக்கு வரவே மனமிருக்காது, நான்தான் ஹெல்மெட்டை மாட்டிவிடுவேன். நான் கேட்டது சுகம். கிடைத்தது, அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழி. அதற்குக் கர்த்தருக்கு முழு மனதோடு நன்றி சொல்கிறேன்.

முன்பெல்லாம் அவருக்கு நீண்ட ஆயுசு கேட்பேன். இப்போது அடுத்த டயாலிசிஸ் வரைக்கும்தான் கேட்கிறேன். கர்த்தர் இதுவரை ஒருதடவைகூட இல்லை என்று சொன்னதில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன யாராவது இதை வாசித்தால், பெரிதாக எதுவும் கேட்க வேண்டாம். நாளை ஒரு நாளை மட்டும் கேளுங்கள். நாளைக் காலை எங்களுக்கு டயாலிசிஸ். நாங்களும் அதைத்தான் கேட்கப்போகிறோம்.